குலுக்கினால் திறக்குமா கதவு?

வீடியோ கேம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அடுத்த பக்கத்துக்குத் தாவத் தயாராகிவிட்ட வாசகர்களே, ஒரு நிமிஷம். இதில் துப்பாக்கி கிடையாது. கார் ரேஸ் கிடையாது. யாரும் யார் தலையிலும் குதிப்பதில்லை. பதினாறு வயசுப் பெண் ஒருத்தி, அப்பா மேல் உள்ள கோபத்தோடு பஸ்ஸில் வந்து ஓர் ஏரிக்கரையில் இறங்குகிறாள். இறங்கினதுமே பை திருடு போகிறது. அதற்கப்புறம் பத்துப் பதினைந்து மணி நேரம் நீங்கள் அவளோடு நடக்கிறீர்கள், எதிரே வருகிறவர்களிடம் பேசுகிறீர்கள், பூட்டிக் கிடப்பதையெல்லாம் திறக்கிறீர்கள். அவ்வளவுதான் ஆட்டம்.

பெயர் 'அனதர் கோட்: ஆர்'. நிண்டெண்டோவின் வீ என்கிற மெஷினுக்காக ஜப்பானில் 2009 பிப்ரவரியிலும், ஐரோப்பாவில் அதே வருஷம் ஜூனிலும் வெளிவந்தது. இது ஓர் இரண்டாம் பாகம். முதல் பாகம் 2005-ல், கையடக்க டி.எஸ். மெஷினுக்காக வந்தது. இரண்டையும் செய்தது ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்தில் இருந்த 'சிங்' என்ற சின்னக் கம்பெனி. (பஞ்சாபுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 'ஆர்' வெளியாகி ஒரு வருஷம் சொச்சத்தில், 2010 மார்ச்சில், அந்தக் கம்பெனி திவால் ஆனது.

இந்த ஆட்டத்தால்தான் திவால் ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கம்பெனி மூழ்குவதற்கு ஒரு காரணம் மட்டும் போதுவதில்லை என்று பி.காம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இந்த ஆட்டத்தை உட்கார்ந்து ஆடிப் பார்த்தால், அந்தக் கம்பெனியிடம் என்ன இருந்தது, என்ன கைநழுவிப் போனது என்கிற இரண்டுமே தெரிகிறது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் இதைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

முதலில் அந்த மெஷினைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

வீ வந்தது 2006 கடைசியில். மொத்தம் பத்துக் கோடிக்கும் மேல் விற்றது. காரணம், அதோடு கூட வந்த வெள்ளை நிற ரிமோட். அதற்கு முன்பு வரை வீடியோ கேம் என்றால் இரண்டு கைகளாலும் ஒரு சமாச்சாரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டை விரல் தேய அழுத்துவது. இதில் அப்படியில்லை. டென்னிஸ் ஆடணுமா, ரிமோட்டை மட்டை மாதிரி வீசு. பௌலிங்கா, கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் கொண்டுவா. ரிமோட்டுக்குள் அசைவை அளக்கும் ஒரு சின்னச் சில்லு. அதன் நுனியில் அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கிற ஒரு கேமரா. டி.வி.க்கு மேலே வைக்கச் சொல்லி ஒரு பட்டை கொடுப்பார்கள். அதற்கு 'சென்ஸர் பார்' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அது எதையும் 'சென்ஸ்' பண்ணுவதில்லை. அதன் இரண்டு ஓரங்களிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், அவ்வளவுதான். பார்ப்பதெல்லாம் ரிமோட்தான். பட்டை கெட்டுப்போனால் டி.வி.க்கு முன்னால் இரண்டு மெழுகுவத்தியை இடைவெளி விட்டு ஏற்றி வைத்தால்கூட ரிமோட் திருப்தியாக வேலை செய்யும். (வீட்டில் திரைச்சீலை இருந்தால் முயற்சி பண்ண வேண்டாம்.)

வீசுகிற வேகத்தில் ரிமோட் கையைவிட்டுப் பறந்து டி.வி.யை உடைத்த கதைகளும் நடந்தன. மணிக்கட்டில் மாட்டுகிற கயிறு அறுந்துபோகிறது என்று புகார் வந்து, 2006 டிசம்பரிலேயே நிண்டெண்டோ தடிமனான கயிறாக மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இப்படியொரு மெஷினில் ஒரு கதையை, அதுவும் நிதானமான, மழைச்சாரல் மாதிரியான ஒரு குடும்பக் கதையை எப்படிச் சொல்வது? கையை வீசிக்கொண்டே ஒருத்தன் கதை கேட்பானா? 'சிங்' எதிர்கொண்ட கேள்வி இதுதான். 'ஆர்' என்பது அதற்கு அவர்கள் எழுதிய பதில். எனக்குப் பாதிக்கு மேல் மார்க் போட மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பாதி, வேறு யாராலும் எழுத முடியாத பாதி.

முதல் பாகத்தைச் சொல்லாமல் இரண்டாம் பாகத்தைச் சொல்ல முடியாது. ஆஷ்லி மிஸுகி ராபின்ஸ் என்கிற பெண்ணுக்கு மறுநாள் பதினாலாவது பிறந்தநாள். அம்மா ஜப்பானியப் பெண், சயோகோ. ஆஷ்லிக்கு மூணு வயசாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டவள். இல்லை, போக்கப்பட்டவள். அப்பாவும் செத்துவிட்டார் என்று நம்பி அத்தை ஜெஸிகா வீட்டில் வளர்கிறாள். திடீரென்று ஒரு பார்சல் வருகிறது. அப்பா உயிரோடு இருக்கிறார், ஒரு தீவுக்குக் கூப்பிடுகிறார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கரைக்கு அப்பால் இருப்பதாகச் சொல்லப்படும் கற்பனைத் தீவு. போனால் அத்தையும் காணாமல் போகிறாள். அங்கே தான் எப்படிச் செத்தோம் என்பதையே மறந்துவிட்ட ஒரு பையன் ஆவியாகத் திரிகிறான். பெயர்கூட வெறும் 'டி'. அவளுக்குத் தன் அம்மாவைப் பற்றிய நினைவு வேண்டும், அவனுக்குத் தன்னைப் பற்றிய நினைவு வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாழடைந்த மாளிகைக்குள் தேடுகிறார்கள்.

அந்தப் பார்சலில் ஒரு கருவியும் வருகிறது. அது பார்ப்பதற்கு அச்சு அசல் நிண்டெண்டோ டி.எஸ். மாதிரியே இருக்கும். நீங்கள் கையில் வைத்திருக்கிற அதே மெஷின் கதைக்குள்ளும் இருக்கிறது!

டி.எஸ். உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி மூடித் திறக்கிற மெஷின், மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. இந்த ஆட்டத்தில் ஓரிடத்தில் முத்திரை குத்தவேண்டிய ஒரு புதிர் வரும். ஒரு திரையில் மை தடவிய முத்திரை. இன்னொரு திரையில் வெற்றுக் காகிதம். பேனாவால் தேய்த்துப் பார்ப்பீர்கள், இழுத்துப் பார்ப்பீர்கள், எல்லா பட்டனையும் அழுத்திப் பார்ப்பீர்கள். ஒன்றும் நடக்காது. வெறுத்துப்போய் 'சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று மெஷினை மூடுவீர்கள். திறந்தால் முத்திரை விழுந்திருக்கும்!

புரிகிறதா? மூடும்போது மேல் திரை கீழ்த் திரைமேல் படிகிறது. முத்திரை காகிதத்தில் படிகிறது. மெஷினை மூடுவதுதான் விடை. இன்னொரு இடத்தில் இரண்டு திரைகளிலும் ஒவ்வொரு படம் இருக்கும். மெஷினைப் பாதி மூடி, ஒரு திரையின் பளபளப்பில் இன்னொன்றின் பிரதிபலிப்பைப் பார்த்தால்தான் இரண்டும் சேர்ந்து ஒரு சேதி சொல்லும். விளையாடி இருபது வருஷம் ஆனவர்கள்கூடக் கதையை மறந்திருப்பார்கள், இந்த இரண்டு இடத்தையும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிற சின்ன ஆட்டம்தான் அது. ஆனால் அந்த மூடித் திறக்கிற செய்கை இருக்கிறதே, அது அந்த மெஷினுக்கு மட்டுமே உரியது. வேறு எதிலும் செய்ய முடியாது. கதை நினைவுகளைப் பற்றியது, ஒன்றின் மேல் இன்னொன்று படிந்து கிடக்கும் நினைவுகள். கையும் அதையே செய்கிறது. இப்படி ஒன்று அமைவது அபூர்வம்.

இப்போது 'ஆர்'.

இரண்டு வருஷம் கழிந்திருக்கிறது. ஆஷ்லிக்குப் பதினாறு. கிடார் வாசிக்கிறாள், முகத்தில் அலட்சியம். காணாமல் போன அப்பா கிடைத்துவிட்டார், சரி, சுபம் என்று நாம் போன பாகத்தில் எழுந்து போனோம் அல்லவா? இந்தக் கதாசிரியர் நம்மை அப்படி விடுவதாக இல்லை. கிடைத்த அப்பா என்ன பண்ணினார்? மறுபடி ஆராய்ச்சி, வேலை என்று கிளம்பிப் போய்விட்டார். பெண் மறுபடி அத்தையிடம். இப்போது திடீரென்று 'ஜூலியட் ஏரிக்கு வா, இரண்டு நாள் முகாம் போடலாம்' என்று கூப்பிடுகிறார். அவளுக்கு வர இஷ்டமில்லை. வருகிறாள்.

இதை எழுதி மேற்பார்த்தவர் ரிகா சுஸுகி என்ற பெண்மணி. எண்பதுகளிலிருந்தே ரிவர்ஹில் சாஃப்ட் என்ற கம்பெனியில் துப்பறியும் ஆட்டங்களுக்குக் கதை எழுதியவர். தொலைந்த அப்பாவைத் தேடுவது சுலபமான கதை. கிடைத்த அப்பாவோடு குப்பை கொட்டுவது கஷ்டமான கதை. அவர் இரண்டாவதை எழுத உட்கார்ந்தார் பாருங்கள், அதற்கே ஒரு சபாஷ். நம்மூர் சினிமாவில் இரண்டாம் பாகம் என்றால் வில்லனின் தம்பி கிளம்பி வருவான். இங்கே வில்லன் அவ்வளவு சீக்கிரம் வருவதே இல்லை. முதல் சில மணி நேரம் ஏரிக்கரையில் மனிதர்கள் வருகிறார்கள், போகிறார்கள். முகாம் நடத்துகிறவர், கடைக்காரர், சிடுசிடுக்கிற ஒரு பெண், அப்பாவைத் தேடி வீட்டைவிட்டு ஓடிவந்த மாத்யூ என்கிற பையன். எல்லோரிடமும் நின்று பேசுகிறோம். பேசினவரிடமே மறுபடி பேசுகிறோம்.

நிறைய பேருக்கு இது கொட்டாவி. 'எப்போ சார் ஆட்டம் ஆரம்பிக்கும்?' என்று கேட்பார்கள். எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். தண்ணீர் வர்ணம் கரைத்துப் பூசினாற்போல ஒரு சித்திரம், மாலை வெயில். பேசும்போது இரண்டு பேரும் திரையில் பெரிதாக நின்று, தோளைக் குலுக்கி, முகத்தைத் திருப்பி, யோசித்து, அப்புறம் பதில் சொல்வார்கள். குரல் இல்லை, எழுத்து மட்டும்தான். இருந்தாலும் ஆஷ்லி அப்பாவை எதிர்கொள்கிற இடத்தில் அவள் கண்ணைத் தாழ்த்துகிற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. டைசுகே கனஸாகி என்பவர் சித்திரப் பொறுப்பு. இவர்கள் செய்த இன்னொரு ஆட்டமான 'ஹோட்டல் டஸ்க்'கில், டி.எஸ்.ஸைப் புத்தகம் மாதிரி செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்க வைத்து, பென்சிலால் கிறுக்கியது போன்ற ஆட்களை அசைய விட்டவரும் அவரே. சும்மா சொல்லக்கூடாது, மனுஷருக்குத் தோள் வரையத் தெரியும். முகம் யார் வேண்டுமானாலும் வரைவார்கள்.

ஆக, கதை பாஸ். கை?

ஆஷ்லியை நடக்க வைக்க, ரிமோட்டைத் திரையில் நீட்டிக் காட்டவேண்டும். அவள் மேடையில் நடக்கிற நாடக நடிகை மாதிரி இடமும் வலமுமாகப் போவாள். சரி. எதையாவது பார்க்க அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் அழுத்த வேண்டும். அதுவும் சரி, கம்ப்யூட்டரில் மவுஸ் பிடிப்பதுபோல. புதிர் என்று வரும்போதுதான் வம்பு. திருகு, குலுக்கு, சாய், ஆட்டு. ரிமோட்டைத் திருகினால் திரையில் ஏதோ ஒன்று திருகும். குலுக்கினால் குலுங்கும். அவ்வளவுதானா? அவ்வளவுதான். முத்திரைப் புதிரில் நமக்கு வந்த அந்த 'அட!' இங்கே வருவதே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. செய்வதுதான் பாக்கி. செய்வதோ அலுப்பு. ரிமோட்டுக்கு நாம் பண்ணினது புரியவில்லை என்றால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. வேலைக்காரருக்குக் காது கேட்காத வீட்டில் மணியை ஆட்டுகிற மாதிரி.

ஒரே ஒரு விஷயத்தில் பழைய புத்திசாலித்தனம் எட்டிப் பார்க்கிறது. இந்தப் பாகத்திலும் ஆஷ்லிக்கு ஒரு கருவி கிடைக்கிறது. இது வீ ரிமோட் மாதிரியே இருக்கும். (முதல் பாகக் கருவிக்கும் இதற்கும் ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் 'டாஸ்' என்றே வந்து நிற்கும். ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன்.) எலெக்ட்ரானிக் பூட்டு போட்ட கதவுகளை இதால் திறக்க வேண்டும். திரையில் ஆஷ்லி கையில் உள்ள பட்டன்களும் உங்கள் கையில் உள்ள பட்டன்களும் ஒன்றே. கேட்கிற பட்டன்களை அழுத்தினால் கதவு திறக்கும். கவனித்தீர்களா? ஆட்டத்திலேயே கதைக்கு நெருக்கமாக வருகிற இந்தக் கருவிக்கு முக்கிய வேலை பட்டன் அழுத்துவதுதான். கையசைவு என்று விளம்பரம் செய்த மெஷினில், அசைவே தேவைப்படாத இடத்தில்தான் அவர்கள் தாங்களாக இருக்கிறார்கள்.

எனக்கு இந்த இடத்தில் ஹெச்.எம். ஞாபகம் வருகிறார். மருத்துவப் புத்தகங்களில் வெகுகாலம் அப்படித்தான் குறிப்பிடப்பட்டார். ஹென்றி மொலைசன் என்கிற முழுப் பெயர் 2008-ல் அவர் இறந்த பிறகே வெளியே வந்தது. 1953-ல் வலிப்பு நோய்க்காக மூளையில் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. காலையில் பார்த்த டாக்டரைச் சாயங்காலம் தெரியாது. அவரை வைத்து பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு நட்சத்திரப் படம். அதன் மேல் பென்சிலால் கோடு போடவேண்டும், ஆனால் கையைக் கண்ணாடியில் மட்டுமே பார்க்க முடியும். முயன்று பாருங்கள், பென்சில் எதிர்ப்பக்கம் ஓடும். ஹெச்.எம்.முக்கும் ஓடியது. அடுத்த நாள் கொஞ்சம் தேவலை. மூன்றாம் நாள் நன்றாகவே போட்டார். ஆனால், இதை முன்னால் செய்தோம் என்பதே அவருக்குத் தெரியாது! தலை மறந்ததைக் கை மறக்கவில்லை. சைக்கிள் ஓட்டுவது, சமையல்கட்டில் இருட்டில் தீப்பெட்டி எடுப்பது எல்லாம் இந்தக் கணக்குதான்.

இந்த ஆட்டத்தின் கதையே நினைவைப் பற்றியது. ஆஷ்லியின் பெற்றோர் மனித நினைவை ஆராய்ந்த விஞ்ஞானிகள். அவர்கள் உருவாக்கிய 'அனதர்' என்கிற இயந்திரம் நினைவை எடுக்கும், வைக்கும், இல்லாததை நட்டும் விடும். ஆஷ்லி ஏரிக்கரைக்கு வந்ததும் சின்ன வயசில் அம்மாவோடு இதே இடத்துக்கு வந்தது துண்டு துண்டாக ஞாபகம் வருகிறது. மூணு வயசுக்கு முன்பு நடந்தது பெரியவர்களான பிறகு பொதுவாக யாருக்குமே நினைவில் இருப்பதில்லை என்கிறது உளவியல். எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை தொண்ணூறுகளில் இருபத்துநாலு பேரை வைத்து, 'சின்ன வயசில் நீங்கள் கடைவீதியில் தொலைந்துபோனீர்கள்' என்று நடக்காத கதையைச் சொல்லிப் பார்த்தார். நாலில் ஒருவர் 'ஆமாம், ஏதோ ஞாபகம் வருகிறது' என்றார்கள். மெஷினே வேண்டாம், சொன்னாலே போதும்! அப்படியென்றால் ஆஷ்லிக்கு வருகிற அம்மா நிஜ அம்மாவா, யாரோ வைத்த அம்மாவா? ஆட்டத்தில் உண்மையான பதைப்பு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு பக்கம் இப்படியொரு கதை. இன்னொரு பக்கம், கையசைவைப் படிக்கிற மெஷின். கை மறக்காது என்பது விஞ்ஞானம். இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்க வேண்டாமா? முதல் மணி நேரத்தில் ஆஷ்லிக்கு ஒரு கையசைவைப் பழக்கிவிட்டு, பத்தாவது மணி நேரத்தில் அவள் எதையும் நம்ப முடியாமல் தவிக்கிறபோது, அந்த அசைவு நம் கையில் தானாக வந்து 'இது நிஜம்' என்று சொல்லியிருந்தால்? முத்திரைப் புதிரைக் கண்டுபிடித்த மூளைக்கு இது பெரிய விஷயமே இல்லை. செய்யவில்லை. குலுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

'வீயில் வேறென்ன பண்ண முடியும்?' என்று அவர்களுக்காக வாதாட முடியாது. 2007-லேயே கேப்காம் கம்பெனி 'ஸாக் அண்ட் விகி' என்று ஒரு புதிர் ஆட்டம் கொடுத்தது. மணியை ஆட்டினால் பூரான் ரம்பமாகிவிடும். ரம்பத்தைப் பிடிப்பதுபோல ரிமோட்டைப் பிடித்து அறுக்க வேண்டும். எந்தப் பிராணி என்ன கருவியாகும், அதை எப்படிப் பிடிப்பது என்று யோசிப்பதே அங்கே புதிர். கதை என்னவோ கடற்கொள்ளைக்காரன் புதையல், குழந்தைச் சமாச்சாரம். ஆனால் கை வேலை பிரமாதம். கதை இருந்தவர்களிடம் கை இல்லை, கை இருந்தவர்களிடம் கதை இல்லை.

இன்னொரு ஒப்பீடு இதைவிடக் கசப்பானது. மேலே ரிவர்ஹில் சாஃப்ட் என்று சொன்னேன் அல்லவா, ஃபுகுவோகாக் கம்பெனி. அங்கிருந்து வெளியே வந்த அகிஹிரோ ஹினோ 1998-ல் 'லெவல் ஃபைவ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். அதே வழியில் வந்தவர்கள் அடுத்த வருஷம், 1999-ல், 'சிங்'கைத் தொடங்கினார்கள். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். இருவருமே டி.எஸ்.ஸில் புதிர்க் கதை செய்தார்கள். லெவல் ஃபைவ் செய்தது 2007-ல் வந்த 'புரொபசர் லேட்டன்'. அதில் வழியில் எதிர்ப்படுகிற கிழவி, 'தம்பி, ஓநாயையும் கோழிக்குஞ்சையும் படகில் எப்படி ஏற்றுவாய்?' என்ற ரீதியில் விடுகதை போடுவாள். கதைக்கும் புதிருக்கும் ஒட்டு உறவு இல்லை. வாரப்பத்திரிகையின் மூளைக்கு வேலை பகுதிதான். ஆனால் வெற்றி மேல் வெற்றி, பாகம் மேல் பாகம். கதையும் புதிரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டவர்கள் கடையைக் கட்டினார்கள். இரண்டும் தனித்தனியாக இருந்தால் என்ன என்று விட்டவர்கள் தழைத்தார்கள். லேட்டனை நானும் ரசித்து ஆடியவன்தான். அதற்காக இது நியாயம் என்றாகிவிடுமா?

எங்களுக்கு அக்கவுண்டன்ஸியில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. கையால் தொட முடியாத சொத்து. கடைக்கு இருக்கிற நல்ல பெயருக்கு ஒரு விலை போட்டு ஏட்டில் ஏற்றுவார்கள். சராசரி லாபத்தை இத்தனை வருஷத்தால் பெருக்கு என்று ஃபார்முலாகூட இருக்கிறது. இரண்டாம் பாகம் எடுக்கிறவர்கள் எல்லோரும் செலவழிப்பது இந்தக் கணக்கிலிருந்துதான். 'ஆர்' விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், குட்வில் ஒரு மெஷினில் இருந்தது, சரக்கு இன்னொரு மெஷினில் வந்தது. டி.எஸ். விற்றது பதினைந்து கோடிக்கு மேல். முதல் பாகத்தை ரசித்தவர்கள் பஸ்ஸிலும் படுக்கையிலும் கையில் வைத்து ஆடியவர்கள். அவர்களை ஹாலுக்குக் கூப்பிட்டு, டி.வி.யை விட்டுக் கொடுக்கச் சொல்லி, பதினைந்து மணி நேரம் ரிமோட்டை நீட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால்? வீட்டில் சீரியல் ஓடாதா?

அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை வெளியிடவே இல்லை என்பது இன்னொரு தமாஷ். கதை நடப்பது அமெரிக்காவில். ஏரி அமெரிக்க ஏரி, முகாம் அமெரிக்க முகாம், அப்பாவின் தயக்கம்கூட ஹாலிவுட் அப்பாக்களின் தயக்கம். ஃபுகுவோகாவில் உட்கார்ந்து ஒரு ஜப்பானியப் பெண்மணி கற்பனை செய்த அமெரிக்காவை ஜப்பானியரும் ஐரோப்பியரும் பார்த்தார்கள். அமெரிக்கர்கள் பார்க்கவில்லை. முதல் பாகம் அங்கே 'ட்ரேஸ் மெமரி' என்று வேறு பெயரில் போயிருந்தது. அதை ஆடி முடித்த அமெரிக்கச் சிறுமிக்கு ஆஷ்லி அப்புறம் என்ன ஆனாள் என்று தெரிய 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆமாம், 2024-ல் திரும்பி வந்தது. ஜனவரி 19-ம் தேதி, நிண்டெண்டோ ஸ்விட்ச் மெஷினில், இரண்டு பாகங்களையும் சேர்த்து 'அனதர் கோட்: ரீகலெக்‌ஷன்' என்ற பெயரில். செய்தது ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ். கம்பெனிதான் மூழ்கியதே தவிர, ஆட்கள் கரையேறியிருந்தார்கள். ரிகா சுஸுகி, கனஸாகி இரண்டு பேரின் கையும் இதில் இருக்கிறது. எல்லோருக்கும் குரல் கொடுத்திருக்கிறார்கள். வழி தெரியாமல் முழித்தால் அம்பு காட்டுகிறது, புதிர் தெரியாமல் முழித்தால் துப்பு கொடுக்கிறது. 'ஆர்' கதையில் இழுவை என்று பட்ட இடங்களை வெட்டி, பிற்பகுதியை நிறையவே மாற்றி எழுதியிருக்கிறார்கள். இப்போது இரண்டும் ஒரே கதை மாதிரி ஓடுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. அலுப்புத் தட்டவில்லை.

ஸ்விட்சுக்கு மூடி கிடையாது. ஆகவே முத்திரைப் புதிரை அதன் பழைய உருவத்தில் போடவே முடியாது. பெரும்பாலான புதிர்களைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். மெஷினைச் சாய்த்துத் திருப்பிச் செய்கிற மாதிரி சில உண்டு. எல்லாம் சமர்த்தான புதிர்கள். ஒன்றுகூட என் கையில் தங்கவில்லை. எந்த மெஷினிலும் ஓடும்படி செய்ததில் இதுதான் தொல்லை. மொழிபெயர்ப்பில் சிலேடை போய்விடுகிற மாதிரி. கதை முழுசாக வந்திருக்கும், சிலேடை இருந்த இடத்தில் ஒரு சமத்து வாக்கியம் உட்கார்ந்திருக்கும்.

வெட்டப்பட்ட இழுவையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பழைய 'ஆர்'-ல் அந்த ஏரிக்கரையில் ஒன்றுமே நடக்காத நேரம் நிறைய இருந்தது என்றேன் அல்லவா? பை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று அலைந்தோம். அப்பா வேலை முடிந்து எப்போது வருவார் என்று காத்திருந்தோம். கடைக்காரரிடம் உப்புச் சப்பில்லாத பேச்சு. ஆடுகிறபோது நான்கூட இரண்டு தடவை கடிகாரம் பார்த்தேன். ஆனால் வேலையிலிருந்து அப்பா வருவதற்காகக் காத்திருக்கிற பிள்ளைக்கு நேரம் அப்படித்தானே போகும்? ராத்திரி கூடாரத்துக்குப் பக்கத்தில் அப்பாவும் பெண்ணும் உட்கார்ந்து பேசுகிறபோது அவள் கோபம் நமக்கு நியாயமாகப் பட்டது, நாமும் அவளோடு சேர்ந்து காத்திருந்ததால்தான். புதுசில் அந்தப் பேச்சு இன்னும் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, குரலும் இருக்கிறது. ஆனால் அப்பா சீக்கிரம் வந்துவிடுகிறார்.

ஆட நினைப்பவர்களுக்கு: ஸ்விட்ச் இருந்தால் 'ரீகலெக்‌ஷன்' வாங்குங்கள், முதல் பாகத்திலிருந்தே ஆரம்பியுங்கள். பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து ஆடலாம். கொலை உண்டு, ரத்தக் களரி கிடையாது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், நிறைய. யார் வீட்டுப் பரணிலாவது பழைய டி.எஸ். கிடந்தால், அதில் அந்த முதல் பாகம் கிடைக்கிறதா என்று மட்டும் விசாரித்து வையுங்கள். முத்திரைப் புதிர் வருகிறபோது பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு விடையைச் சொல்லிவிடாதீர்கள். அதுவாக எரிச்சல் வந்து மூடட்டும்.